மடிக்க எட்டுப் பேர், வெட்ட ஒருவர்

சென்னையில் ஜாம் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், பைண்டிங் பட்டறை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. பழைய தமிழ் இதழ்களையும் புத்தகங்களையும் ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மூலம் வரிகளாக்கி, மெய்ப்புப் பார்த்து, தேடக்கூடிய மின்பிரதிகளாக மாற்றுகிறோம். மூன்று பேர்தான். கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

எழுத்துணரிக்கு டெசராக்ட் மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். 1985இல் ஹியூலெட்-பேக்கார்ட் ஆய்வகத்தில் தொடங்கி, 2005இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. எங்கள் லினக்ஸோடு வந்த பதிப்பு பழையது. புதிய பதிப்பு வேண்டுமென்றால் மூலநிரலை இறக்கி நாமே கட்ட வேண்டும், அதாவது கணினி ஓட்டக்கூடிய நிரலாக மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் அது சார்ந்திருக்கும், படங்களைக் கையாளும் லெப்டோனிகாவைக் கட்ட வேண்டும். கோணலாக ஸ்கேன் ஆன பக்கங்களை நிமிர்த்துவதற்கு ஓப்பன்சிவி என்ற மென்பொருளும் தேவைப்பட்டது. இப்படித்தான் மூலநிரலிலிருந்து மென்பொருள் கட்டும் பழக்கம் எனக்கு வந்தது. ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓடவிட்டு நேரத்தை மிச்சப்படுத்தும் ஆசையும் கூடவே வந்தது.

முதல் அடி ஓப்பன்சிவியில் விழுந்தது. எங்கள் மேசைக் கணினியின் ப்ராசஸரில் 4 கோர்கள், அவற்றில் ஒரே நேரத்தில் ஓடக்கூடிய 8 திரெட்டுகள், 8 ஜிபி நினைவகம். மூலநிரலைக் கட்டும் வேலைகளை நடத்துவது மேக் என்ற கட்டளை. அதோடு "மைனஸ் ஜே" சேர்த்தால் வேலைகள் இணையாக ஓடும் என்று படித்திருந்தேன். எண் எதுவும் கொடுக்காமல் மைனஸ் ஜே என்று மட்டும் எழுதி என்டர் தட்டினேன். எண் கொடுக்காவிட்டால் கணினிக்கு ஏற்ற அளவைத் தானே எடுத்துக்கொள்ளும் என்பது என் எண்ணம். உண்மையில் எண் இல்லாத மைனஸ் ஜேக்கு வரம்பே கிடையாது. தொடங்கத் தகுதியான வேலைகள் அனைத்தையும் மேக் அந்த நொடியிலேயே தொடங்கிவிடும். மூலநிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் சி++ கம்பைலர்கள் டஜன் கணக்கில் ஒன்றாக எழுந்தன. அரை நிமிடத்தில் மவுஸ் அம்பு நின்றுவிட்டது. வன்தட்டின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. நினைவகம் நிரம்பி, எல்லாவற்றையும் ஸ்வாப்புக்கு, அதாவது வன்தட்டில் ஒதுக்கிய இடத்துக்கு, தள்ளுவதும் திரும்ப எடுப்பதுமாகக் கணினி திணறியது. கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுப் பொத்தானை அழுத்தி அணைத்தேன். அதே கணினியில் இன்னொரு ஜன்னலில், மெய்ப்புப் பார்க்கும் எங்கள் அக்கா திருத்திக்கொண்டிருந்த மெய்ப்பு, சேமிக்காத ஒரு மணி நேர வேலை, அதோடு போய்விட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனம் இன்றும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அடுத்த நாள் மைனஸ் ஜே 8 கொடுத்தேன். கணினி உறையவில்லை. ஆனால் பாதி வழியில் ஏதோ ஒரு கோப்பில் கம்பைலர் செத்து விழுந்தது. பிழைச் செய்தியில் நிரலைப் பற்றி ஒன்றும் இல்லை. சி++ கம்பைலரான சிசி1பிளஸ் கொல்லப்பட்டது என்று மட்டும் இருந்தது. மூலநிரலில் தவறு என்று நினைத்து இரண்டு மணி நேரம் தேடினேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பதிவைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையைக் கொடுத்துப் பார்த்திருந்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்திருக்கும். நினைவகம் தீர்ந்துபோனால் எதையாவது ஒன்றைக் கொன்று மற்றவற்றைக் காப்பாற்றுவது லினக்ஸ் கெர்னலின் வழக்கம். அது தேர்ந்தெடுத்தது எங்கள் கம்பைலரை. "கொல்லப்பட்டது" என்ற சொல்லைக் கண்டால் மூலநிரலைத் திறக்காதீர்கள், நினைவகத்தைப் பாருங்கள்.

அன்று சாயங்காலம் கீழே பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன். அச்சகத்திலிருந்து பெரிய தாள்கள் வந்து இறங்கியிருந்தன. ஒரு தாள் மடிந்தால் ஒரு பாரம், அதாவது 16 பக்கம். தரையில் பாய் விரித்து எட்டுப் பேர் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மடிப்பது இன்னொருவருக்குத் தடையில்லை. மூன்றாவது பாரத்தை மடிக்க இரண்டாவது பாரம் முடிய வேண்டியதில்லை. ஆனால் எல்லாப் பாரங்களும் வந்த பிறகுதான் வரிசையாக அடுக்க முடியும். அடுக்கிய பிறகுதான் தைக்க முடியும். கடைசியில் மூன்று பக்கமும் வெட்டும் இயந்திரம் ஒன்றே ஒன்று. பட்டறைப் பெரியவரிடம் இன்னும் நாலு பேரைப் போட்டால் சீக்கிரம் முடியாதா என்று கேட்டேன். "உட்கார இடம் வேண்டாமா, சார்? எட்டுப் பேருக்கு மேல் உட்கார்ந்தால் ஒருவர் மடித்ததை இன்னொருவர் மிதிப்பார். மடிப்பதற்கு ஆள் சேர்த்தாலும் வெட்டுவதற்குக் கத்தி ஒன்றுதான்" என்றார்.

நான் கட்டிக்கொண்டிருந்த மென்பொருளும் அப்படியே. ஒவ்வொரு மூலக் கோப்பையும் கம்பைல் செய்வது ஒரு பாரத்தை மடிப்பது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நிரலாக்கும் லிங்க்கர் அடுக்கித் தைக்கும் இடம். கணினியில் நிறுவுவது கத்தியடி. பாய் விரித்த தரைதான் நினைவகம். ஆட்கள் இருக்கிறார்களா என்பதோடு உட்கார இடம் இருக்கிறதா என்றும் பார்த்துத்தான் எண்ணைக் கொடுக்க வேண்டும்.

எண்ணை நான் இப்போது முடிவு செய்யும் முறை இது. என்ப்ராக் கட்டளை எத்தனை திரெட்டுகள் இருக்கின்றன என்று சொல்லும். அது மேல் வரம்பு. பிறகு நினைவகம். எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்தே கட்டிக்கொள்ளும் ஜென்டூ லினக்ஸ்காரர்கள் ஒரு வேலைக்கு 2 ஜிபி என்று கணக்கு வைக்கச் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை சி++ நிரல்களுக்கு அது சரியான கணக்கு. 8 ஜிபியில் டெஸ்க்டாப்புக்கும் பிரவுசருக்கும் ஒன்றரை போனால் மிச்சம் ஆறரை. இரண்டால் வகுத்தால் 3. ப்ராசஸர் எட்டு என்று சொன்னாலும் நான் கொடுக்க வேண்டிய எண் 3. மைனஸ் ஜே 3 கொடுத்து ஓப்பன்சிவி ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது.

லெப்டோனிகாவுக்கு இந்தக் கஞ்சத்தனம் தேவையில்லை. அது சி மொழியில் எழுதியது. கோப்புக்குக் கோப்பு கம்பைலர் எடுக்கும் நினைவகம் மிகக் குறைவு. அங்கே தாராளமாக 8 கொடுக்கிறேன். மொத்தத்தில், சி என்றால் ப்ராசஸரைப் பார்த்தும் சி++ என்றால் நினைவகத்தைப் பார்த்தும் எண் கொடுக்கிறேன். கம்பைலர்களுக்கு அடித்தளமான எல்எல்விஎம் போன்ற பெரிய கட்டுமானங்களில் கம்பைல் செய்வதைவிட லிங்க் செய்வது அதிக நினைவகம் தின்னும். பிழைநீக்கத் தகவல்களோடு கட்டினால் இன்னும் அதிகம். அதனால்தான் அவர்கள் லிங்க் வேலைகளின் எண்ணிக்கையைத் தனியாகக் கட்டுப்படுத்த, சிமேக் என்ற கட்டுமானக் கருவியில் ஒரு அமைப்பையே கொடுத்திருக்கிறார்கள். மேக்குக்குப் பதிலாக நிஞ்சா என்ற கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மேக் நீங்கள் கேட்காதவரை ஒரு வேலையைத்தான் ஓட்டும். நிஞ்சா கேட்காமலேயே திரெட் எண்ணிக்கையோடு இரண்டு கூட்டி ஓட்டும். நினைவகம் குறைவான கணினியில் நிஞ்சாவுக்கும் மைனஸ் ஜே கொடுத்து எண்ணைக் குறைத்தே ஆக வேண்டும்.

மேக்கில் மைனஸ் எல் என்று இன்னொன்று உண்டு. கணினியின் சுமை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் புதிய வேலை தொடங்காதே என்பது அதன் பொருள். ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் இடத்தில் நல்லது. ஆனால் அது பார்ப்பது சுமையை, நினைவகத்தை அல்ல. நினைவகப் பிரச்சினைக்கு அதை நம்பக் கூடாது. கட்டளைக்கு முன்னால் நைஸ் சேர்ப்பதும் அப்படித்தான். ப்ராசஸரில் மற்றவர்களுக்கு வழி விடும், தரையில் இடம் விடாது.

பிறகு கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் இன்னொரு 8 ஜிபி நினைவகம் வாங்கிப் போட்டேன். அந்தக் கணினிக்கு நான் செய்த செலவுகளில் மிகவும் பயன்பட்டது அதுதான். அதே பணத்துக்கு வேகமான ப்ராசஸர் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில், முதலில் நினைவகம்.

எண்ணை ஏற்றிக்கொண்டே போனால் நேரம் அதற்கேற்பக் குறையாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இலேயே இதைச் சொல்லிவிட்டார். ஒரு கட்டுமானம் ஒற்றை வேலையாக ஓடினால் 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதில், கட்டும் முன் கணினியைச் சோதித்துத் தயார் செய்யும் கன்ஃபிகரும் கடைசி லிங்க்கும் 2 நிமிடம். அவற்றைப் பங்கு போட முடியாது. மிச்சம் 8 நிமிடத்தை எட்டுப் பேர் பங்கிட்டால் 1 நிமிடம். மொத்தம் 3 நிமிடம் ஆகும். எட்டில் ஒரு பங்கான ஒன்றே கால் நிமிடத்தில் முடியாது. ஆயிரம் பேரைப் போட்டாலும் 2 நிமிடத்துக்குக் கீழே இறங்காது. போதாதற்கு 8 திரெட் என்பது எட்டு ஆட்கள் அல்ல, நான்கு ஆட்கள் இரண்டு வேலைகளை மாற்றி மாற்றிச் செய்வது. 1இலிருந்து 4 வரை வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். 4இலிருந்து 8 வரை கொஞ்சம்தான். மென்பொருளைத் திருத்தித் திருத்திக் கட்டுபவர்களுக்கு இந்தக் கொஞ்சத்தைவிட சிகேச் என்ற கருவி பல மடங்கு உதவும். மாறாத கோப்பின் பழைய விளைவை எடுத்து வைத்திருந்து, மறுபடி கேட்கும்போது அப்படியே கொடுத்துவிடும்.

சென்னைக்கே உரிய இரண்டு விஷயங்களையும் சொல்ல வேண்டும். ஒன்று வெயில். எங்கள் அறைக்கு மேலே மொட்டை மாடி. கத்திரி வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்கு அறைக்குள் நுழைந்தாலே முகத்தில் அனல் அடிக்கும். அந்த நேரத்தில் எட்டு வேலைகளை ஓட்டினால் ப்ராசஸர் தன் வெப்ப வரம்பைத் தொட்டு, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த மே மாதத்தில் 8 கொடுத்ததற்கும் 4 கொடுத்ததற்கும் கடிகாரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. மின்விசிறியின் இரைச்சல்தான் கூடியது. பெட்டியைத் திறந்து, விசிறியில் படிந்திருந்த தூசியை எடுத்த பிறகு நிலைமை தேறியது. கீழே நாளெல்லாம் காகிதம் வெட்டும் இடத்தில் தூசிக்குப் பஞ்சமில்லை. இப்போது கோடையில் பெரிய கட்டுமானங்களைக் காலை ஆறு மணிக்கு வந்து தொடங்குகிறேன்.

இரண்டாவது மின்தடை. ஒருநாள் கட்டிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிற்று. யுபிஎஸ் பேட்டரி பழையது, தாங்கவில்லை. மின்சாரம் வந்ததும் மேக் கட்டளையை மறுபடி கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, மகிழ்ச்சியாக இருந்தது. கடைசியில் லிங்க்கர் வந்து, ஒரு கோப்பின் வடிவம் புரியவில்லை என்று நின்றது. காரணம் எளிது. மேக் கோப்பின் நேரத்தைத்தான் பார்க்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. கன்ட்ரோல் சி அழுத்தி நாம் நிறுத்தினால், பாதியில் நின்ற கோப்பை அழித்துவிட்டுத்தான் மேக் வெளியேறும். மின்சாரம் போனால் அதற்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. வட்டில் முழுதாக எழுதப்படாத, சில சமயம் அளவே பூஜ்யமான கோப்பு, இன்றைய நேரத்தோடு உட்கார்ந்திருக்கும். மேக் அதை முடிந்த வேலை என்று நம்பிவிடும். இணையாக எட்டு ஓடினால் அப்படி எட்டுக் கோப்புகள் இருக்கலாம். மின்தடைக்குப் பிறகு நான் தொடர்வதில்லை. மேக் கிளீன் கொடுத்து முதலிலிருந்து கட்டுகிறேன். சிகேச் இருப்பதால் அது பெரிய நஷ்டமும் இல்லை.

பிழைச் செய்தியைப் படிப்பதும் இணை வேலையில் வேறு கலை. ஒற்றை வேலையில் கடைசி வரிக்கு மேலே பார்த்தால் பிழை இருக்கும். எட்டு வேலைகளில் ஒன்று தோற்ற பிறகும் மற்ற ஏழும் தங்கள் கோப்பை முடித்துவிட்டுத்தான் நிற்கும். அவற்றின் எச்சரிக்கைகள் எல்லாம் பிழைக்குக் கீழே வந்து குவியும். உண்மையான பிழை நானூறு வரி மேலே புதைந்திருக்கும். நான் செய்வது, எந்த எண்ணோடு தோற்றதோ அதை விட்டுவிட்டு மைனஸ் ஜே 1 கொடுத்து மறுபடி ஓட்டுவது. முடிந்த கோப்புகள் மறுபடி கம்பைல் ஆகாது என்பதால் நேராகப் பிழையில் போய் நிற்கும். லினக்ஸில் நாம் பயன்படுத்தும் மேக்கான குனு மேக்கின் 4.0 பதிப்பு வந்த 2013 முதல் ஒவ்வொரு வேலையின் வெளியீட்டையும் சேர்த்து வைத்து மொத்தமாக அச்சிடும் வசதியும் இருக்கிறது. அதற்கு மைனஸோடு ஆங்கிலப் பெரிய எழுத்து ஓ. வெளியீட்டைத் திரையில் காட்டிக்கொண்டே கோப்பிலும் எழுதும் டீ கட்டளை வழியாகச் சேமிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேக் தோற்றாலும் டீ வென்றுவிடும், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் வெற்றி என்றே சொல்லும். பாஷ் ஷெல்லில், வரிசையில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்ல வைக்கும் பைப்ஃபெயில் அமைப்பைப் போடாமல் அடுத்த படியான நிறுவலைத் தானாகத் தொடங்கவிடாதீர்கள்.

நிறுவலில் நான் இணை வேலைக்கு இடமே கொடுப்பதில்லை. ஒவ்வொரு முறையும் எண் கொடுப்பது அலுத்துப்போய், மேக்ஃபிளாக்ஸ் என்ற சூழல் மாறியில் மைனஸ் ஜே 8 எழுதி ஷெல்லின் தொடக்கக் கோப்பில் போட்டிருந்தேன். நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் சூடோ வழியாக நிறுவியவரை ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் சூடோ பொதுவாகச் சூழல் மாறிகளை வடிகட்டிவிட்டுத்தான் கட்டளையை ஓட்டும். பிறகு எனக்கே சொந்தமான ஒரு கோப்புறையில் சூடோ இல்லாமல் நிறுவத் தொடங்கினேன். நிறுவும் கட்டளையான மேக் இன்ஸ்டாலும் எட்டு வேலைகளாக ஓட ஆரம்பித்தது. ஒரு சிறிய கருவி, நிறுவும்போது தன் லைப்ரரியோடு, அதாவது நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் துணைத் தொகுப்போடு, மறுபடி லிங்க் ஆகும் வகை. லைப்ரரி கட்ட உதவும் லிப்டூல் கருவியைப் பயன்படுத்தும் பல மென்பொருள்கள் அப்படித்தான். லைப்ரரி போய்ச் சேருவதற்கு முன் நிரல் லிங்க் ஆகப் பார்த்து, லைப்ரரியைக் காணோம் என்று நின்றது. இது நல்ல தோல்வி. அதே இடத்தில் பழைய பதிப்பின் லைப்ரரி இருந்திருந்தால் சத்தமில்லாமல் அதோடு இணைந்துவிட்டிருக்கும். மேக் பின்பற்றும் விதிகள் இருக்கும் கோப்புதான் மேக்ஃபைல். நன்றாக எழுதிய மேக்ஃபைல்களில் இந்த முன்பின் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் பலர் கட்டுவதை இணையாகச் சோதிக்கிறார்கள், நிறுவுவதைச் சோதிப்பதில்லை. நிறுவல் என்பது கோப்புகளைப் பிரதியெடுப்பதுதான். அதில் எட்டாகப் பிரித்து மிச்சமாகும் சில நொடிகளுக்காக இந்த ஆபத்தை ஏற்க வேண்டிய அவசியமே இல்லை. எப்போதும் மேக் மைனஸ் ஜே 1 இன்ஸ்டால். முதலில், நிறுவும் இடத்தை மாற்றிச் சொல்லும் டெஸ்ட்டிர் மாறியைக் கொடுத்து ஒரு காலிக் கோப்புறையில் நிறுவிப் பார்த்து, என்னென்ன கோப்புகள் எங்கெங்கே போகின்றன என்று கண்ணால் பார்த்த பிறகுதான் உண்மையான இடத்தில் நிறுவுகிறேன். பொது இடத்தில் நிறுவினால், புதிய லைப்ரரிகளைக் கணினிக்குத் தெரியப்படுத்தும் எல்டிகன்ஃபிக் கட்டளையைப் பிறகு ஓட்டவும். டெசராக்டிடம் பதிப்பு எண்ணைக் கேட்டால் தான் எந்த லெப்டோனிகாவோடு ஓடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும். அதைப் படித்துவிட்டு எழுந்திருங்கள்.

கட்டி முடித்த டெசராக்டை ஓட்டும்போதும் இதே எண் விளையாட்டு திரும்பி வருகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களை வேகமாக முடிக்க வேலைகளைப் பங்கிட்டு ஓட்டும் எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளை மூலம் எட்டுப் பக்கங்களை ஒன்றாக ஓட்டினேன். ஒன்றாக ஓட்டியும் வேகம் கூடவில்லை. டெசராக்ட் ஒரு பக்கத்துக்கே, வேலையைத் திரெட்டுகளாகப் பிரிக்கும் ஓப்பன்எம்பி மூலம் நான்கு திரெட்டுகள் வரை எடுத்துக்கொள்ளும். எட்டு நான்கு முப்பத்திரண்டு. எட்டு இருக்கைகளுக்கு முப்பத்திரண்டு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓஎம்பி த்ரெட் லிமிட் என்ற சூழல் மாறியில் 1 என்று போட்டதும் எட்டுப் பக்கங்களும் ஆளுக்கொரு திரெட்டில் அமைதியாக ஓடின. மூலநிரலிலிருந்து கட்டுபவர்கள் கன்ஃபிகர் செய்யும்போதே ஓப்பன்எம்பியை அணைத்துவிடவும் செய்யலாம். மேக்ஃபைல் எழுதுபவர்கள் துணைக் கோப்புறைகளுக்குள் மேக்கை மறுபடி கூப்பிடும்போதும் இதே பெருக்கல் நடக்கும். உள்ளே நேரடியாக ஒரு எண்ணை எழுதி வைக்காமல், டாலர் குறியோடு வரும் மேக் மாறியைப் பயன்படுத்தினால் மேலே கொடுத்த எண்ணையே எல்லோரும் பங்கிட்டுக்கொள்வார்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் நேரமும் மின்சாரமும் போன கதைகள். எழுத்தே போன கதை ஒன்று இருக்கிறது.

தொண்ணூறுகளில் கணினியில் கோர்த்த இதழ்கள் சில எங்களிடம் வந்தன. அவை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில் இல்லை. ஓர் அச்சகம் தன் சொந்த எழுத்துருவுக்காக வைத்திருந்த குறியீட்டில் இருந்தன. அதை யூனிகோடாக மாற்ற, எனக்கு முன் வேலை பார்த்தவர் ஒரு சிறிய நிரலை எழுதி வைத்திருந்தார். எந்தக் குறி எந்த எழுத்து என்ற பட்டியல் ஓர் உரைக் கோப்பில் இருக்கும். ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் அதை வரி வரியாகப் படித்து, சி நிரலுக்குள் சேர்க்கக்கூடிய அட்டவணையாக எழுதும். பிறகு சி நிரல் அந்த அட்டவணையைச் சேர்த்துக்கொண்டு கம்பைல் ஆகும். பட்டியலில் உயிர் முதலில், பிறகு மெய், உயிர்மெய், கடைசியில் கிரந்த எழுத்துகள்.

பல ஆண்டுகள் பிரச்சினை இல்லாமல் ஓடியது. நான் ஒரு புதிய கணினியில் என் வழக்கப்படி மைனஸ் ஜே 8 கொடுத்துக் கட்டினேன். முதல் முறை அட்டவணைக் கோப்பைக் காணோம் என்று தோற்றது. மறுபடி கொடுத்தேன், கட்டி முடித்துவிட்டது. இங்கேதான் நான் நின்றிருக்க வேண்டும். முதல் முறை தோற்று, ஒன்றுமே மாற்றாமல் இரண்டாம் முறை வென்றால் அது சரியாகிவிட்டது என்று பொருள் அல்ல. எங்கோ ஒரு முன்பின் உறவு எழுதப்படாமல் இருக்கிறது என்று பொருள். எனக்கு அன்று அது தெரியவில்லை. பழைய கோப்புறைகளை எல்லாம் அழித்துவிட்டு, சுத்தமாக இன்னொரு முறை கட்டினேன். அந்த முறை ஒரே தடவையில் முடிந்தது. நிம்மதியாக நிறுவிவிட்டு, பதினோரு இதழ்களை மாற்றி அக்காவிடம் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா கூப்பிட்டார். "தம்பி, இந்த ஊர் ஸ்ரீரங்கம்தானே? எல்லா இடத்திலும் ரங்கம் என்று வருகிறது. முதலில் ஆசிரியரின் நடையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது பாருங்கள், விஷயம் என்பது வியம் என்று நிற்கிறது" என்றார். பென்சிலால் வட்டமிட்டிருந்தார். "ராஜாஜி" என்ற பெயரில் ஜ இருந்த இடமெல்லாம் ஓட்டை. ஒரு பக்கம் முழுக்க கிரந்த எழுத்து ஒன்றுகூட இல்லை.

நடந்தது இதுதான். மேக்ஃபைலில் முதலில் அட்டவணை, பிறகு நிரல் என்று வரிசையாகப் பெயர்கள் இருந்தன. ஆனால் நிரல் அட்டவணையைச் சார்ந்தது என்று எங்கேயும் எழுதப்படவில்லை. ஒற்றை வேலையாக ஓடும்போது எழுதிய வரிசையே செயல் வரிசையாகிவிடும், எழுதாத உறவு வெளியே தெரியாது. எட்டாக ஓடும்போது ஸ்கிரிப்ட் அட்டவணையை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே கம்பைலர் அதைப் படிக்க வந்துவிட்டது. கோப்பு இன்னும் பிறக்காமல் இருந்தபோது வந்தது முதல் முறை, அதனால் பிழை. கடைசி முறை வந்தது உயிர்மெய் வரை எழுதி முடித்து, கிரந்தம் எழுதாதிருந்த நேரம். வரி வரியாக எழுதுவதால் எந்த வரியும் பாதியில் நிற்கவில்லை. கம்பைலருக்கு அது குறையில்லாத, கொஞ்சம் சிறிய அட்டவணை. அது ஏற்றுக்கொண்டது. மாற்றும் நிரலோ தெரியாத குறியைக் கண்டால் விட்டுவிட்டுப் போகும்படி எழுதப்பட்டிருந்தது.

மேக்கை 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியதே இப்படிப்பட்ட ஒரு வீண் தேடலைக் கண்டுதான். திருத்திய கோப்பு மறுபடி கம்பைல் ஆகாததால், சரியான நிரலில் ஒரு சக ஊழியர் ஒரு காலை முழுக்கப் பிழை தேடியிருக்கிறார். எது எதைச் சார்ந்தது என்று மனிதர் எழுதிக் கொடுக்க வேண்டும், மிச்சத்தை மேக் பார்த்துக்கொள்ளும் என்பதே ஏற்பாடு. எழுதிக் கொடுக்காததை அது ஊகிக்காது.

மூன்று திருத்தங்கள் செய்தேன். நிரலின் கோப்பு அட்டவணையைச் சார்ந்தது என்று ஒரு வரி சேர்த்தேன். உண்மையான மருந்து அந்த ஒரு வரிதான். ஸ்கிரிப்ட் நேராக அட்டவணைக் கோப்பில் எழுதாமல் தற்காலிகக் கோப்பில் எழுதி, முடிந்ததும் பெயர் மாற்றும்படி செய்தேன். ஒரே வட்டில் பெயர் மாற்றம் ஒரே நொடிப்பில் நடக்கும், பாதி நிலை என்று ஒன்று கிடையாது. இனி கம்பைலர் எப்போது வந்தாலும் ஒன்று கோப்பு இருக்காது, அல்லது முழுதாக இருக்கும். மூன்றாவதாக, தெரியாத குறியைக் கண்டால் நிரல் அந்த இடத்திலேயே நிற்கும்படி மாற்றினேன்.

இது போன்ற உறவுகள் வேறு எங்கே விட்டுப்போயிருக்கின்றன என்று கண்டுபிடிக்க, 2022இல் வெளிவந்த குனு மேக் 4.4இல் ஷஃபிள் என்று ஒரு வசதி இருக்கிறது. வேலைகளின் வரிசையை வேண்டுமென்றே கலைத்து ஓட்டும். தற்செயலாகச் சரியாக இருந்தவை எல்லாம் அங்கே மாட்டிக்கொள்ளும். இலக்கண விதிகளிலிருந்து நிரல் எழுதித் தரும் பைசன் போல, ஒரே வேலையில் இரண்டு கோப்புகளை உண்டாக்கும் கருவி இருந்தால் இன்னொரு குழியும் உண்டு. இரண்டையும் ஒரே விதியின் இலக்குகளாகச் சாதாரணமாக எழுதினால், இணையாக ஓடும்போது மேக் அந்தக் கருவியை இரண்டு முறை ஓட்டி, இரண்டும் ஒரே கோப்பின் மேல் எழுதும். 2020இல் வந்த 4.3 முதல் அவற்றை ஒரே குழு என்று சொல்ல முடிகிறது.

பதினோரு இதழ்களையும் மறுபடி மாற்றினேன். அக்கா இரண்டு நாள் திருத்தியவை வீணாகாமல் இருக்க, அவர் வட்டமிட்ட தாள்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக ஒப்பிட்டுச் சேர்த்தோம். முடித்த பிறகு அவர் ஒரு துண்டுத் தாளில் பன்னிரண்டு சொற்களை எழுதிக் கொடுத்தார். ஸ்ரீரங்கம், விஷயம், ராஜாஜி, பக்ஷி, ஹாஸ்யம், ஔவை, ஔஷதம், இப்படி. இந்தச் சொற்களை அந்தப் பழைய குறியீட்டில் ஒரு சிறு கோப்பாக்கி மேக்ஃபைலில் சோதனையாகச் சேர்த்திருக்கிறேன். நிரல் கட்டி முடிந்ததும் முதலில் அந்தப் பன்னிரண்டையும் மாற்றிப் பார்க்கும். ஒரு எழுத்து குறைந்தாலும் நிறுவல் தொடங்காது. போன வாரம் அக்கா பதின்மூன்றாவதாக "லக்ஷ்மி"யைச் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன்.